மலைப்பாதையில் கொதித்து நின்றுபோகும் பழைய மாருதி ஜிப்ஸி: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

மலை ஏறும்போது சூடாகிறது, கொஞ்ச தூரத்தில் ஆஃப் ஆகிவிடுகிறது, அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது: பழைய ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் பட்டறையில் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான். இதைக் கேட்டதும் ரேடியேட்டரை மாற்று, வாட்டர் பம்பை மாற்று, கார்புரேட்டரை மாற்று என்று வரிசையாகச் செலவு தொடங்கிவிடுகிறது. ஆனால் சூடாவதும் நின்றுபோவதும் இரண்டு தனித்தனிக் குறைகளாக இருக்கலாம், ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் பொதுவான மூன்றாவது காரணம் ஒன்றும் இருக்கலாம். எது என்பதை அளந்து பார்த்து முடிவு செய்யாமல் ஒரு பாகத்தையும் வாங்காதீர்கள் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

1985-இல் வந்த எம்ஜி410 வகையில் 970 சிசி எஃப்10ஏ இன்ஜினும், 1996-இல் வந்த ஜிப்ஸி கிங் வகையில் 1,298 சிசி ஜி13 இன்ஜினும் இருந்தன. 2000-இல் பதினாறு வால்வு எம்பிஎஃப்ஐ இன்ஜின் (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை மின்னணுக் கட்டுப்பாட்டில் பீய்ச்சும் வகை) வரும் வரை இவை கார்புரேட்டர் வண்டிகளே. இங்கே சொல்வது முதன்மையாக அந்தக் கார்புரேட்டர் வண்டிகளைப் பற்றியது. குளிரூட்டும் அமைப்பைப் பற்றிய பகுதி எம்பிஎஃப்ஐ வண்டிக்கும் அப்படியே பொருந்தும். எல்லா வகையிலும் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே வளையக்கூடிய உலோகம் அது.

வழியில் முள் ஏறும்போது செய்ய வேண்டியது

வெப்பநிலை முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் ஏசி இருந்தால் அணைத்துவிட்டு, ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் திறந்துவிடுங்கள். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து 1,500 ஆர்பிஎம் அளவில் ஓடவிடுங்கள். ஜிப்ஸியின் ஃபேன் பெல்ட்டால் இயங்குவது என்பதால் ஐட்லிங் வேகத்தில் அது இழுக்கும் காற்று போதாது. இரண்டு நிமிடத்தில் முள் இறங்கினால் தண்ணீர் இருக்கிறது, சுழற்சியும் நடக்கிறது என்று பொருள். இறங்காமல் ஏறிக்கொண்டே போனாலோ, பானட்டுக்குள்ளிருந்து ஆவி வந்தாலோ, தண்ணீர் கொட்டியது தெரிந்தாலோ உடனே இன்ஜினை அணைத்துவிட வேண்டும். முழுதும் தண்ணீர் இறங்கிப்போன இன்ஜினில் முள் சில நேரம் கீழே விழுந்து காட்டும். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும் என்பதே காரணம். அதைப் பார்த்து ஆறிவிட்டது என்று நினைத்து ஓட்டினால் ஹெட் போய்விடும்.

ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. மேல் ஹோஸைக் கையால் பிடித்து அழுத்த முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு, தடித்த துணியைப் போட்டு முதல் நிறுத்தம் வரை மட்டும் திருகி அழுத்தத்தை வெளியேற்றி, அதன் பிறகே முழுதாகத் திறக்க வேண்டும். ஓடையிலிருந்து மொண்ட குளிர்ந்த நீரைக் கொதிக்கும் இன்ஜினுக்குள் ஊற்றுவது ஹெட்டில் விரிசல் விழ நல்ல வழி.

வெப்பம் எப்போது ஏறுகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது

கருவி எதையும் எடுப்பதற்கு முன்னால் வண்டி எந்த நிலையில் சூடாகிறது என்பதை எழுதி வையுங்கள். ஊர்ந்து போகும்போதும் நெரிசலில் நிற்கும்போதும் சூடாகி, நெடுஞ்சாலையில் ஓடினால் ஆறிவிடுகிறது என்றால் குறை காற்றோட்டத்தில் இருக்கிறது: ஃபேன், ஃபேன் கிளட்ச், ஷ்ரவுட் (ஃபேனைச் சுற்றிய உறை), பெல்ட், முன்பக்கத் தடை. மாறாக, மெதுவாகப் போகும்போது நன்றாக இருந்து, 80 கிலோமீட்டர் வேகத்திலோ நீண்ட ஏற்றத்திலோ சூடானால் தண்ணீரின் ஓட்டத்தில் குறை: ரேடியேட்டர் அடைப்பு, உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், தேய்ந்த பம்ப். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஐந்தாறு நிமிடத்திலேயே கொதித்தால் தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கவில்லை, அல்லது ஏர் லாக் (தண்ணீர் வழியில் தங்கிய காற்று), அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு). எந்த ஒழுங்கும் இல்லாமல் முள் மேலும் கீழும் குதித்தால் முதலில் மீட்டரையே சந்தேகியுங்கள்.

அந்த மீட்டர் விஷயத்தை உடனே தீர்த்துக்கொள்வது நல்லது. சென்சாரின் உடல் இன்ஜினோடு தொடுவதால்தான் அதற்கு எர்த் கிடைக்கிறது. கசிவைத் தடுக்க டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றி மாட்டியிருந்தால் எர்த் கெட்டுத் தவறான அளவு காட்டும். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி, மேல் ஹோஸ் இணையும் இடத்தில், அதாவது நம் மெக்கானிக்குகள் வாட்டர் பாடி என்று சொல்லும் உறையின் மேல், குறிவைத்து அளவெடுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும் என்பதால் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன் மேல் அளப்பது சரியாக இருக்கும். சாதாரண ஓட்டத்தில் 85 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் இன்ஜின் சூடாகவே இல்லை. மீட்டர்தான் பொய் சொல்கிறது. அப்படியானால் வண்டி நிற்பதற்கான காரணத்தைத் தேட நேராக எரிபொருள் பகுதிக்குப் போய்விடலாம்.

ரேடியேட்டர் மூடி

இத்தனை சிறிய பாகத்துக்குத் தனித் தலைப்பா என்று தோன்றலாம். மலையில் கொதிக்கும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. ஜிப்ஸியின் மூடி 0.9 என்ற அழுத்தக் குறியீடு கொண்டது. அந்த அழுத்தத்தைத் தாங்கும்போது கடல் மட்டத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தளர்ந்துவிட்டால் 100 டிகிரியிலேயே கொதிக்கும். உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியில் கொதித்துவிடும். 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறப்பதற்கே 95 டிகிரி ஆகும். ஆகவே மூடி கெட்ட வண்டி, மேட்டுப்பாளையத்தில் எந்தக் குறையும் காட்டாமல் இருந்துவிட்டு, குன்னூர் தாண்டியதும் தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும் முன்பே கொதிக்கத் தொடங்குவதில் வியப்பு ஒன்றுமில்லை.

மூடியைத் திருப்பிப் பாருங்கள். பெரிய ரப்பர் வளையத்தில், ரேடியேட்டர் கழுத்தின் விளிம்பு அழுந்திய வட்டம் ஆழமான வெட்டாகப் பதிந்திருந்தாலும், ரப்பர் நகத்துக்கு அழுந்தாமல் இறுகியிருந்தாலும் மாற்றிவிட வேண்டும். நடுவிலுள்ள சிறிய வால்வை விரலால் இழுத்தால் எளிதாக வந்து, விட்டதும் தானே மூட வேண்டும். அந்தச் சிறிய வால்வுதான் இன்ஜின் ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப உறிஞ்ச வழிவிடுகிறது. அது ஒட்டிக்கொண்டால் ரிசர்வ் டேங்க் நிரம்பியே இருக்க, ரேடியேட்டர் நாளுக்கு நாள் காலியாகும். மூடியை மாற்றும்போது கழுத்தின் உள்விளிம்பையும் துடைத்துப் பாருங்கள். அங்கே உப்புப் படிந்திருந்தால் புது மூடியும் அழுத்தம் பிடிக்காது. அழுத்தம் கூடினால் நல்லதுதானே என்று 1.1 அல்லது 1.3 மூடி போடுபவர்கள் உண்டு. முப்பது வருட ஹீட்டர் ஹோஸுக்கும் ரேடியேட்டர் ஈயப்பற்றுக்கும் அது நல்லதல்ல.

காற்றோட்டம்

காட்டுப் பாதைக்கென்று அலங்கரிக்கப்பட்ட ஜிப்ஸியின் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள். வின்ச், கனத்த பம்பர், வரிசையாக விளக்குகள், நடுவில் பெரிய நம்பர் பிளேட், பின்னால் சேர்த்த ஏசி கண்டென்சர் என்று எல்லாமே கிரில்லின் முன்னால்தான் இருக்கின்றன. இவற்றில் தேவையற்றதைக் கழற்றிவிட்டு ஒரு முறை அதே பாதையில் ஓட்டிப் பார்ப்பது காசு செலவில்லாத சோதனை.

அடுத்து, ரேடியேட்டரின் மடிப்புகளில் அடைந்த சேறு. வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் புல்விதையும் செம்மண்ணும் கம்பளிபோல் படிந்திருக்கும். ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, அதாவது காற்று வந்த திசைக்கு எதிராக, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நெருக்கமாகப் பிடித்தால் மடிப்புகள் படுத்துவிடும். கழுவிய பிறகு மடிப்புகளை விரலால் தொட்டுப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அந்தக் கோரின் (குழாய்களும் மடிப்புகளும் சேர்ந்த ரேடியேட்டரின் நடுப்பகுதியின்) ஆயுள் முடிந்தது.

ஃபேனைச் சுற்றியிருக்கும் ஷ்ரவுட் பல பழைய வண்டிகளில் காணாமல் போயிருக்கும். என்றோ பெல்ட் மாற்றும்போது கழற்றியவர் திரும்ப மாட்டியிருக்க மாட்டார். அது இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டரின் முழுப் பரப்பிலிருந்து காற்றை இழுக்காமல், பின்னாலுள்ள சூடான காற்றையே சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருக்கும். லோ ரேஞ்சில் ஊர்ந்து போகும்போது மட்டும் சூடாகும் வண்டியில் ஷ்ரவுட் இல்லையென்றால் வேறு எதையும் தேடுவதற்கு முன் அதைப் பொருத்துங்கள்.

உங்கள் வண்டியில் விஸ்கஸ் ஃபேன் கிளட்ச் (உள்ளே எண்ணெய் கொண்ட, சூடானதும் இறுகும் கிளட்ச்) இருந்தால், இன்ஜின் நன்றாகச் சூடான நிலையில் அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுழற்றிப் பாருங்கள். இறுக்கமாக எதிர்த்துச் சற்று நகர்ந்து நிற்க வேண்டும். தடையின்றிச் சில சுற்றுகள் சுற்றினாலோ, கிளட்சின் நடுவில் எண்ணெய் கசிந்து தூசு ஒட்டியிருந்தாலோ அது போய்விட்டது. ஃபேன் பெல்ட்டை இரு புல்லிகளுக்கு நடுவில் ஏறத்தாழ 10 கிலோ விசையில் அழுத்தினால் 6 முதல் 9 மி.மீ. வரை உள்வாங்க வேண்டும். ஓரங்கள் கண்ணாடிபோல் மினுங்கும் பெல்ட்டை இறுக்கினாலும் வழுக்கும்.

மின்சார ஃபேன் மாற்றுவதைப் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. ஆழமான நீரைக் கடப்பவர்களுக்கு அதில் பயன் உண்டு. ஆனால் அடைத்த ரேடியேட்டரை எந்த ஃபேனும் காப்பாற்றாது. பழைய ஆல்டர்னேட்டருக்கு அது கூடுதல் சுமையும்கூட. மூலக்காரணம் தெரியும் வரை அதைத் தள்ளிப் போடுவதே சரி.

தண்ணீரின் ஓட்டம்

இன்ஜின் முழுச் சூட்டை எட்டிய பிறகு வெப்பமானியால் ரேடியேட்டரை வரிசையாக அளந்து வாருங்கள். தண்ணீர் நுழையும் இடத்திலிருந்து வெளியேறும் இடம் வரை வெப்பம் சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு பட்டை மட்டும் திடீரென்று குளிர்ந்திருந்தால் அங்குள்ள குழாய்கள் அடைத்துவிட்டன. அவற்றில் சூடான தண்ணீர் வரவே இல்லை. கழற்றிய பிறகு இன்னொரு சோதனை உண்டு. கீழ் வாயைக் கையால் அடைத்து, மேல்வரை நிரப்பி, கையை எடுத்தால் தண்ணீர் ஒரே மூச்சில் கொட்ட வேண்டும். தயங்கித் தயங்கி வழிந்தால் கோர் அடைப்பு.

இந்த அடைப்புக்குக் காரணம் பெரும்பாலும் போர்த் தண்ணீர். நம் ஊர் போர்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பும் உப்பும் சூட்டில் பிரிந்து குழாய்களின் உட்சுவரில் படிகின்றன. கூலன்ட் குளிர்நாட்டுக்காரர்களுக்கு உரியது, இங்கே உறைபனியா விழுகிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்: நமக்கு அது வேண்டியது துருத் தடுப்புக்காகவும் கொதிநிலையை உயர்த்துவதற்காகவும். எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுவது போதுமானது. முழுக் கூலன்ட்டாக ஊற்றினால் சூட்டை எடுத்துச் செல்லும் திறன் குறையும். ஜிப்ஸிக்கு மொத்தம் சுமார் 5 லிட்டர் பிடிக்கும்.

பித்தளைச் செம்புக் கோர் உள்ள பழைய ரேடியேட்டராக இருந்தால் நல்ல ரேடியேட்டர் கடையில் மேல் டேங்கைப் பிரித்து, குழாய்களுக்குள் கம்பி விட்டுச் சுத்தம் செய்து, மீண்டும் ஈயம் வைத்துத் தருவார்கள். சந்தையில் கிடைக்கும் மெல்லிய அலுமினியக் கோரைவிட அப்படிச் சரிசெய்த பழைய கோரையே நான் விரும்புவேன். இன்ஜினுக்குள்ளிருக்கும் துருவையும் அதே நேரத்தில் வெளியேற்ற வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு மேல் ஹோஸ் வழியாகத் தோட்டக் குழாயால் தண்ணீர் பாய்ச்சி, கீழ் ஹோஸில் தெளிந்த நீர் வரும் வரை விடுங்கள்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுப்பது நம் பட்டறைகளில் வேரூன்றிய பழக்கம். அப்படிச் செய்தால் சமவெளியில் இன்ஜின் உரிய சூட்டை எட்டாமலே ஓடும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் தேயும். அடைத்த ரேடியேட்டர் அடைத்தபடியே இருந்து அடுத்த ஏற்றத்தில் மீண்டும் முகம் காட்டும். நல்லதா கெட்டதா என்று அறிவதோ எளிது. பாத்திரத் தண்ணீரில் நூலால் தொங்கவிட்டு, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் பார்த்துக்கொண்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் 82 அல்லது 88 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, அதிலிருந்து 12, 13 டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும். மாட்டும்போது அதன் விளிம்பிலுள்ள சிறிய காற்றுத் துளை மேல்நோக்கி இருக்கட்டும்.

வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையில் கசிவின் தடம் இருந்தாலோ, ஃபேனைப் பிடித்து ஆட்டினால் தண்டு ஆடினாலோ பம்பை மாற்ற வேண்டும். ஜி13 இன்ஜினில் பம்பைக் கழற்ற டைமிங் பெல்ட்டையும் எடுக்க வேண்டியிருப்பதால் அந்த பெல்ட்டையும் டென்ஷனரையும் அப்போதே மாற்றிவிடுவது அறிவுடைமை. கீழ் ஹோஸைப் பொறுத்தவரை, இன்ஜினை வேகமாக ஓடவிட்டு ஒருவர் பார்க்க வேண்டும். பம்பின் உறிஞ்சலில் அது சப்பையாக ஒட்டினால் ஹோஸ் தளர்ந்துவிட்டது.

திரும்ப நிரப்பும்போது ஏர் லாக் ஏற்படாமல் இருக்க, வண்டியின் முன்பக்கம் உயரமாக இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, மூடியைப் போடாமல் மெதுவாக ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸ் சூடாகும் வரை, அதாவது தெர்மோஸ்டாட் திறக்கும் வரை, குமிழிகள் வெளியேற விட்டு, மட்டம் இறங்க இறங்க நிரப்பி, பிறகு மூடுங்கள். ஹோஸ்களை இடையிடையே கையால் அமுக்கிவிட்டால் தங்கிய காற்று வெளியேறும்.

ஹெட் கேஸ்கெட்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் தண்ணீர் குறைந்தால் இதைப் பார்க்க வேண்டும். காலையில் இன்ஜின் முழுதும் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, கழுத்து வரை நிரப்பி, ஸ்டார்ட் செய்து உற்றுப் பாருங்கள். முதல் நிமிடத்தில், தண்ணீர் இன்னும் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும்போதே, சிறு குமிழிகள் நிற்காமல் வரிசையாக எழுந்துகொண்டிருந்தால் அது இன்ஜின் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீர் வழிக்குள் புகுவதன் அடையாளம். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் குமிழிகள் பெருகினால் ஐயமே வேண்டாம். மூடிய நிலையில் ஸ்டார்ட் செய்த சிறிது நேரத்திலேயே மேல் ஹோஸ் கல்போல் இறுகுவதும் இதே கதைதான். நீல நிறத் திரவத்தால் சோதிக்கும் கருவி பட்டறையில் இருந்தால், புகைவாயு கலந்ததும் அது மஞ்சளாக மாறும்.

கம்ப்ரஷன் அளவுகளில் சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரு கிலோவுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் ஒருசேரக் குறைந்திருந்தால் அவற்றுக்கு இடையில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது. ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். நேர்விளிம்பை வைத்து ஃபீலர் கேஜால் குறுக்கும் நெடுக்கும் மூலைவிட்டத்திலும் அளந்து, வளைவு 0.05 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஃபேஸிங் (ஹெட்டின் அடிப்பரப்பைச் சமமாகச் சீவுவது) செய்ய வேண்டும். விரிசல் சோதனையும் அங்கேயே செய்துகொள்ளலாம். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, சில தவணைகளில், டார்க் ரெஞ்ச் கொண்டு சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். கை உணர்வில் இறுக்குவதற்கு அலுமினிய ஹெட் இடம் கொடுக்காது.

நின்றுபோவது: அந்த ஐந்து நிமிடத்தில் பார்க்க வேண்டியவை

சூட்டில் நின்ற வண்டி ஆறியதும் ஸ்டார்ட் ஆகிவிடும் என்பதால், பட்டறைக்குப் போய்ச் சேரும்போது சான்று மறைந்துவிடுகிறது. நின்ற இடத்திலேயே, நின்ற நிமிடத்திலேயே பார்த்தால்தான் விடை கிடைக்கும். வண்டியில் எப்போதும் ஒரு உபரி ஸ்பார்க் பிளக், ஒரு டெஸ்ட் லேம்ப், ஒரு தண்ணீர் பாட்டில், பழைய துணி, தீயணைப்பான் ஆகியவை இருக்கட்டும்.

முதலில் ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து, இன்ஜின் அணைந்த நிலையில், கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் லிவரைக் கையால் ஒருமுறை முழுதாகத் தள்ளுங்கள். மெல்லிய பெட்ரோல் கீற்று சுவரில் பீய்ச்சி அடித்தால் ஃப்ளோட் அறையில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் சிறு தொட்டியில்) பெட்ரோல் இருக்கிறது. ஒன்றும் வராமல் வெறும் ‘புஸ்’ என்று காற்று மட்டும் வந்தால் அறை காலி. பெட்ரோல் வாடை பலமாக அடித்து, வாய் ஈரமாக, ஆவி கிளம்பிக்கொண்டிருந்தால் பெட்ரோல் கூடுதலாக இறங்கியிருக்கிறது. பிறகு உபரி பிளக்கை ஒரு பிளக் வயரில் மாட்டி, அதன் உடலை இன்ஜினின் உலோகத்தில் அழுத்தமாக வைத்து, கார்புரேட்டரை விட்டுத் தள்ளி, ஸ்டார்ட்டரைச் சுழற்றச் சொல்லுங்கள். நீல நிறத்தில் ‘சடக்’கென்று பொறி விழ வேண்டும். இந்த இரண்டு சோதனைகளுக்குப் பிறகு வழி பிரிந்துவிடும்.

பெட்ரோல் அறை காலியாக இருந்தால்

டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்படும் ஒலி கேட்டு, அதன் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனால் டேங்கின் காற்று வழி அடைத்திருக்கிறது. இல்லையென்றால் பெட்ரோல் பம்பின் மேலும், பம்பிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள குழாயின் மேலும் ஈரத் துணியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் பெட்ரோல் வந்துவிட்டால் அது வேப்பர் லாக்: குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, பம்ப் திரவத்துக்குப் பதிலாக ஆவியைத் தள்ளிக்கொண்டிருந்தது.

ஜிப்ஸியின் கார்புரேட்டர் வண்டிகளில் இயந்திரப் பம்ப் சூடான சிலிண்டர் ஹெட்டிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் இதற்கு வாய்ப்பு அதிகம். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோலும் எளிதில் ஆவியாகும். ஆகவே இன்ஜின் அளவுமீறிச் சூடாகாமல் இருந்தாலும்கூட மலைமேல் வேப்பர் லாக் வரலாம். பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள தடித்த இன்சுலேட்டர் இருக்கிறதா, குழாய் எங்காவது எக்ஸாஸ்ட்டை ஒட்டி ஓடுகிறதா, டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாய் அடைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். ரிட்டர்ன் குழாயைப் பலர் தேவையில்லை என்று கருதி அடைத்துவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் பெட்ரோலைச் சுற்றிவரச் செய்து பம்பைக் குளிர்வாக வைத்திருப்பதும், ஆவியை டேங்குக்கே திருப்பி அனுப்புவதும்.

டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள ரப்பர் ஹோஸ்கள் தனிக் கவனத்துக்குரியவை. அந்தப் பகுதியில் பம்ப் உறிஞ்சுவதால், விரிசல் இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். கசிவே இல்லை என்று கண்ணால் பார்த்து விட்டுவிடுவது அதனால்தான். இப்போது விற்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஜிப்ஸி வந்த காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. எத்தனால் கலவையைத் தாங்கும் என்று குறிக்கப்பட்ட ஹோஸ்களாக டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாவற்றையும் ஒரே முறையில் மாற்றி, ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். எத்தனால் பழைய டேங்கில் படிந்த துருவையும் பிசினையும் கரைத்துக் கொண்டுவருவதால், மாற்றிய ஃபில்டரைச் சில வாரங்களில் மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும்.

இந்தப் பெட்ரோலுக்கு இன்னொரு விளைவும் உண்டு. எத்தனால் எரியத் தேவைப்படும் காற்றின் அளவு குறைவு என்பதால், தூய பெட்ரோலுக்கு அமைத்த கார்புரேட்டரில் கலவை ஏறத்தாழ 7, 8 சதவீதம் லீனாகிவிடுகிறது, அதாவது எரிபொருளுக்குக் காற்று கூடிவிடுகிறது. ஏற்கெனவே லீனாக வைத்திருந்த வண்டியில் அது ஐட்லிங் தள்ளாடுவதாகவும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் ஒரு நொடி தயங்குவதாகவும், கூடுதல் சூடாகவும் வெளிப்படும். சூட்டுக்கும் நிற்பதற்கும் பொதுவான காரணம் என்று தொடக்கத்தில் சொன்னதில் இது ஒன்று. கார்புரேட்டரின் அடியிலுள்ள கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ், மற்ற வேக்கம் குழாய்கள் ஆகியவற்றில் காற்று புகுந்தாலும் இதே விளைவுதான். ஆறிய இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பிடித்தால் எது கிள்ளப்பட்டதும் ஓட்டம் சீராகிறதோ அங்கே குறை.

பெட்ரோல் கூடுதலாக இருந்தால்

அணைத்த பிறகு காற்றும் ஃபேனும் நின்றுவிடுவதால் பானட்டுக்குள் சூடு சிறிது நேரம் ஏறவே செய்யும். அந்தச் சூட்டில் ஃப்ளோட் அறையிலுள்ள பெட்ரோல் பொங்கி இன்ஜினுக்குள் வழிகிறது. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்தபடி, பம்ப் செய்யாமல், ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் சிறிது நேரத்தில் பற்றிக்கொள்ளும். அடிக்கடி நேர்ந்தால் ஃப்ளோட் மட்டத்தையும் நீடில் வால்வையும், கார்புரேட்டருக்கு அடியிலுள்ள சூடு தடுக்கும் தடித்த இன்சுலேட்டரையும் பார்க்க வேண்டும். செங்குத்தான ஏற்றத்திலோ ஒருபக்கம் சாய்ந்த பாதையிலோ மட்டும் நின்று, சமதளத்துக்கு வந்ததும் சரியாகிவிட்டால் அதற்கும் சூட்டுக்கும் தொடர்பில்லை. அறைக்குள் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கிவிடுகிறது. ஃப்ளோட் மட்டம் சரியாக இருந்தும் அது தொடர்ந்தால் கார்புரேட்டர் வண்டியின் எல்லை அவ்வளவுதான்.

பெட்ரோல் இருந்து பொறி இல்லாவிட்டால்

சாவியைப் போட்டு, காயிலின் பாசிட்டிவ் முனையில் டெஸ்ட் லேம்பை வையுங்கள். எரியாவிட்டால் சாவி ஸ்விட்ச், ஃபியூஸ், இடையிலுள்ள கனெக்டர் ஆகியவற்றில் ஒன்று. அங்கே மின்சாரம் இருந்தால் நெகட்டிவ் முனைக்கு மாற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். லேம்ப் சிமிட்டினால் பாயின்ட்டோ இக்னைட்டரோ (காயிலுக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாகம்) வேலை செய்கிறது, காயிலைச் சந்தேகிக்கலாம். சிமிட்டாவிட்டால் குறை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிறது. பாயின்ட் வண்டியில் இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. வரை இருக்க வேண்டும். முனைகள் கருகிக் குழிந்திருந்தால் பாயின்ட்டோடு இக்னிஷன் கண்டென்சரையும் மாற்றுங்கள். மின்னணு டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் பிக்கப் காயிலும் இக்னைட்டரும் சூட்டில் மட்டும் செயலிழக்கும் குணமுடையவை. வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி: ஐட்லிங்கில் ஓடும் இன்ஜினில் சந்தேகத்துக்குரிய பாகத்தின் மேல் மட்டும் முடி உலர்த்தியால் சூடான காற்றைச் செலுத்துங்கள். இன்ஜின் நின்றால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது.

பொறி இருக்கிறது, பெட்ரோலும் இருக்கிறது, ஆனால் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மட்டும் நிற்கிறது என்றால் கார்புரேட்டரிலுள்ள ஐட்லிங் சோலனாய்டைப் பாருங்கள். சாவி போடும்போதும் எடுக்கும்போதும் ‘டிக்’ என்று கேட்க வேண்டும்.

இக்னிஷன் டைமிங்கும் இங்கே இடம்பெற வேண்டிய ஒன்று. டைமிங் பின்தங்கியிருந்தால் எரிதல் தாமதமாகி, வெப்பத்தில் பெரும்பகுதி ஹெட்டுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் போகிறது. வண்டி இழுவை குறைந்து, சூடாகி, ஐட்லிங்கில் சோர்ந்து நிற்கும். ரேடியேட்டர் வேலை எல்லாம் முடித்தும் சூடு தீராத வண்டிகளில் டைமிங் லைட் வைத்துப் பார்க்காமல் விட்டதே காரணமாக இருப்பதுண்டு. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் டயஃப்ரமை வாயால் உறிஞ்சிப் பார்த்து, உறிஞ்சிய பிடி நிற்கிறதா என்பதையும் சோதியுங்கள்.

எம்பிஎஃப்ஐ வண்டியில் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தால் இயங்குவதாலும் குழாய் அழுத்தம் அதிகம் என்பதாலும் வேப்பர் லாக் அரிது. சூட்டில் நிற்கும் குறைக்கு அங்கே பம்ப், அதன் ரிலே, சென்சார்கள் ஆகியவற்றை ஸ்கேனரோடு தேட வேண்டும்.

சரிசெய்த பிறகு சோதிப்பது

ஒரே நேரத்தில் நான்கு பாகங்களை மாற்றிவிட்டால் எது குறை என்பது தெரியாமலே போய்விடும். ஒன்றைச் சரிசெய்து, குறை தோன்றிய அதே வகைப் பாதையில், முடிந்தால் பிற்பகல் வெயிலில், ஓட்டிப் பாருங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் வால்பாறை ஏற்றமும் இதற்குத் தக்க சோதனைக்களங்கள். ஏற்றத்தின் நடுவில் ஒருமுறையும் உச்சியில் ஒருமுறையும் வாட்டர் பாடியில் வெப்பத்தை அளந்து எழுதுங்கள். உச்சியில் இன்ஜினை அணைத்து, பானட்டைத் திறக்காமல், பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பானட்டுக்குள் சூடு உச்சத்தில் இருக்கும் நேரம் அதுதான். அப்போது முதல் சுழற்சியிலேயே பிடித்து, ஐட்லிங் தள்ளாடாமல் நின்றால் எரிபொருள் பக்கம் தீர்ந்தது. மறுநாள் காலை, இன்ஜின் ஆறிய நிலையில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்து வரை தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். ரிசர்வ் டேங்கின் மட்டத்தை மட்டும் பார்ப்பது போதாது. வெளிக்கசிவு எங்கும் இல்லாமல் மட்டம் மீண்டும் இறங்கியிருந்தால், வண்டியை அடுத்த பயணத்துக்கு எடுக்காமல் ஹெட் கேஸ்கெட் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள்.